நாக்கில் இட்ட திருநீறு

நாகலெட்சுமியின் வாயில் பச்சைத்தண்ணீர்கூடப் படாமல் அறுபத்தோரு மணி நேரம் ஆகியிருந்தது. கணக்கை வைத்திருந்தவள் மருமகள் துர்காதேவி. கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்போது, யார் கொடுத்தது என்று ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் அவளிடம்தான் கேட்டார்கள். திங்கட்கிழமை ராத்திரி எட்டரை மணி. நண்டுக் குழம்பும் சோறும். கொடுத்தது நான்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் சொன்னாள், நர்ஸிடம் சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது குற்றத்தை ஒத்துக்கொள்வது போலவே ஆகிவிட்டது.

நண்டு மண்டபத்திலிருந்து வந்தது. துர்காவின் புருஷன் தர்மராஜ் அங்கிருந்து கேரளாவுக்கு மீன் லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வர முடியாத வாரங்களில் கடலாடி பஸ் கண்டக்டரிடம் ஒரு பையைக் கொடுத்தனுப்புவான். கண்டக்டர் அதை ஊருக்குப் பாதை பிரிகிற ஆவரங்குளம் விலக்கில் டீக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். அந்த வாரம் பையில் நண்டு இருந்தது. மாமியாருக்குக் கடைவாய்ப் பல் ஆட்டம், நண்டைக் கடித்து உறிஞ்ச முடியாது. அதனால் துர்கா ஓடுகளை அம்மிக் குழவியால் தட்டி, சதையை விரலால் நோண்டி எடுத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்தாள். கல்யாணமாகி வந்த பதினான்கு மாதத்தில் அவள் சமையலை மாமியார் வாய்விட்டுப் பாராட்டியது அன்றைக்கு ஒரு நாள்தான். "நல்லாத்தேன் இருக்கு" என்று கிண்ணத்தை வழித்து நக்கினார்.

படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுவரைக்கும் கம்பி இறக்கியதுபோல் போனது. மல்லாக்கப் படுக்க முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்குகிறது என்றார். தின்றதெல்லாம் வெளியே வந்த பிறகும் குமட்டல் நிற்கவில்லை. மாமனார் உக்கிரபாண்டி நூற்றெட்டுக்குப் போன் போட்டார். வீட்டில் நாலு பேரும் ஒரே சட்டிக் குழம்பைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். கிண்ணம் மட்டும் தனி.

ராமநாதபுரத்தில் சேர்த்த முதல் நாள் காலையிலேயே டாக்டர் சஃபா துர்காவை நர்ஸ் மேஜைக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினார். டாக்டர் கீழக்கரைப் பெண். துர்காவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். குழாயின் அடியில் ரத்தம் கறுப்பாய்ப் படிந்திருந்தது. அதற்குமேல் தெளிந்த மஞ்சளாய் நிற்கவேண்டிய நீர், கறந்த பால்போல வெள்ளையாய் நின்றது.

"என்னன்னு தெரியுதா?"

"பால் மாதிரி இருக்கு."

"கொழுப்பு. ரத்தத்துல இந்த அளவுக்கு ஏறுனதாலதான் கணையம் வீங்கியிருக்கு. இரைப்பைக்குப் பின்னாடி இருக்கிற உறுப்பு அது. சாப்பாட்டைச் செரிக்கிறதுக்குச் சாறு சுரக்கும். இப்ப அந்தச் சாறு அந்த உறுப்பையே அரிக்குது. அதனாலதான் வாய் வழியா ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்றோம். கட்டுக்குள்ள வரலைன்னா கிட்னி, நுரையீரல்னு ஒண்ணொண்ணா இழுத்துட்டுப் போயிரும்."

"நண்டாலயா டாக்டர்?"

"ஒரு வேளை நண்டால இப்படி ஆகாதும்மா. குடிப்பாங்களா?"

துர்காவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அத்தையா? டாஸ்மாக் இருக்கிற தெருவுல பஸ்ஸு நின்னாலே மூக்கப் பொத்திக்கிருவாக."

"பித்தப்பையில கல்லும் இல்லை. சுகரும் இல்லை. அப்ப ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா? நாட்டு மருந்து, லேகியம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ரொம்ப அபூர்வமா சில மாத்திரைங்க இந்த மாதிரிக் கொழுப்பை ஏத்திவிட்டுரும்."

துர்கா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். உக்கிரபாண்டி சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தலவலிக்கு ஒரு மாத்திர போடமாட்டா" என்றார் படத்தைப் பார்த்தபடியே.

டாக்டர் கட்டிலுக்குப் போய் நாகலெட்சுமியிடமே கேட்டார். "ஒண்ணுமில்லத்தா" என்றார் அவர். சொன்னபிறகு அவருடைய பார்வை டாக்டரிடம் நிற்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காள் இருளம்மாளிடம் போய் வந்தது.

இருளம்மாள் சாயல்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. பிள்ளை கிடையாது. தங்கை வீட்டு நல்லது கெட்டது எதுவும் அவர் வாயைத் தாண்டி நடக்காது. தர்மராஜுக்குத் துர்காவைப் பெண் பார்க்க வந்தபோதும் முதலில் வாசலில் ஏறியது அவர்தான். அவளை நடக்கச் சொல்லிப் பார்த்ததும் அவர்தான்.

ஈசிஜி எடுக்க வந்த நர்ஸ் சட்டைக் கொக்கியைக் கழற்றியபோது, இடது மார்புக்கும் அக்குளுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு தெரிந்தது. நர்ஸ் கேட்பதற்கு முன்னாலேயே இருளம்மாள் சொன்னார்: "தர்மராசுக்குப் பால் குடுக்கையில பால் கட்டிக்கிருச்சு. கீறி எடுத்தாக. அது ஆச்சு முப்பது வருசம்."

நர்ஸ் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். துர்கா மட்டும் அந்தத் தழும்பையே பார்த்தாள். மாமியாரின் முதுகைக்கூட அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துவிட வந்தால், "எனக்குக் கையிருக்கு, நீ போத்தா" என்று கதவைத் தாழ்போட்டுக்கொள்வார். வந்த புதிதில் துர்கா அதற்காக அழுதிருக்கிறாள். தன்னைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் சஃபாவின் முகம் சரியில்லை.

"கொழுப்பை இறக்க இன்சுலின் போகுது, டிரிப் போகுது, வயித்துக்கு ஓய்வு கொடுத்தாச்சு. இந்நேரம் பாதிக்கு மேல இறங்கியிருக்கணும். இறங்கலை." சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "யாராவது வாயில ஏதாவது கொடுக்கறீங்களா?"

நர்ஸ் நேராகத் துர்காவிடம் வந்தாள். "இளநி கிளநி ஊத்துனியாம்மா? பாவம் பார்த்துக் கொடுப்பீங்க. அப்பறம் எங்க தலை உருளும்."

"இல்லக்கா. நீங்க சொன்னமாரி பஞ்ச நனைச்சு ஒதட்டத்தேன் தொடைக்கிறேன்."

"வேற யாரு கூட இருக்கா? நீதானே இருக்க."

இருளம்மாள் தங்கையின் காலை அமுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "சில கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

மத்தியானம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அவர் துர்காவுக்கு முன்னால் தூக்குவாளியைத் திறந்து வைத்தார். ரசம் சோறும் கருவாட்டுப் பொரியலும். விடிகாலையில் எழுந்து பொங்கி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தது.

"தின்னு."

துர்கா சோற்றைப் பார்த்தாள். கை போகவில்லை.

"தின்னுத்தா. நான் ஒண்ணும் கலக்கல" என்றார் இருளம்மாள். சொல்லிவிட்டு வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தார்.

"என்ன பெரியத்த, இப்புடிப் பேசுறீக?"

"எப்புடிப் பேசுறேன்? கேக்குறதக் கேட்டுருவேன். சட்டியோட வச்சிருந்தா ஒரு பேச்சும் இல்ல. நண்ட நோண்டி எடுத்துத் தனியாக் கிண்ணத்துல வச்சியே, எதுக்கு?"

"அத்தைக்குப் பல்லு ஆடுதுல்ல."

"பல்லு அன்னைக்குத்தேன் ஆட ஆரம்பிச்சுச்சாக்கும். பதினாலு மாசமா இல்லாத கரிசனம்."

"எம்மேல என்ன கோவம் ஒங்களுக்கு?"

"எனக்கென்னத்தா கோவம். எங்கூருக்குக் கெழக்க ஒருத்தி இருக்கா. வயித்துல குழல வச்சு உறிஞ்சு, வச்ச மருந்த வெளிய எடுத்துருவா. எங்கொழுந்தியா மகளுக்கு முடியும் நகமுமா உருண்டையாத் திரண்டு வந்துச்சு. நாகுவ அங்கன கூட்டிட்டுப் போவோம்னா ஒம் மாமன் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. ரத்தம் பாலாப் போயிருக்காம். எந்த ஊருலத்தா ரத்தம் பாலாப் போகும், யாரும் ஒண்ணும் வைக்காம?"

துர்கா எழுந்துவிட்டாள். தூக்குவாளியை மூடி, ஆறிப்போகாமல் துண்டைச் சுற்றி, "அப்புடியே வைங்க, அப்பறம் தின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வார்டுக்கு நடந்தாள்.

படிக்கட்டில் போன் வந்தது. நாத்தனார் கலைச்செல்வி. ஊரில் வீட்டையும் களத்தையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாசி மாதம். குண்டு மிளகாய் பழமெடுத்துக் களத்தில் சிவப்பாய்ப் பரப்பிக் கிடந்தது.

"மதினி, மேகம் போட்டிருக்கு. கடல்ப் பக்கமிருந்து காத்து ஈரமா வருது. படுதாவ இழுத்து மூடிரவா?"

"பரப்புனவாக்குல மூடாத. புழுங்கி வெளுத்துரும். வேல்சாமியண்ணனக் கூப்பிட்டுக் குமிச்சு வச்சு, மேல படுதாவப் போடு. ஓரத்துல கல்லு வச்சிரு."

"அம்மா எப்படி இருக்கு?"

"அப்படியேதேன்."

கலைச்செல்வி போனை வைக்கவில்லை.

"என்ன கலை?"

"கடலாடியில இருந்து அத்தை போன் பண்ணுனாக." பரிசம் போட்ட மாப்பிள்ளையின் அம்மா பூமயிலைச் சொன்னாள். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை. "ஒங்கம்மாவுக்கு என்ன சீக்கு, குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்கான்னு தோண்டித் தோண்டிக் கேட்டாக. எனக்குத் தெரியலன்னேன். பெறகு பெரியம்மாட்டக் கேட்டிருப்பாக போல. பெரியம்மா ஒங்கமேல சொல்லியிருக்கு, மதினி."

"என்னன்னு?"

"எப்புடி மதினி அத என் வாயால சொல்ல."

போனை வைத்தபிறகு துர்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் மேலுக்கு இருந்தது. அடியில் வேறொன்று அரித்தது. தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிற நேரத்தில், மருமகள் மாமியாருக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று சம்மந்தி வீட்டுக்கே எவளாவது சொல்வாளா? அந்தக் கேவலத்தை மூடி மறைக்கத்தானே எவரும் பார்ப்பார்கள். இருளம்மாள் விவரம் கெட்டவர் இல்லை. அதைவிடப் பெரிய ஒன்றுக்கு மேல் இதைப் படுதாவாக இழுத்துப் போட்டிருந்தால்தான் இது சரிவரும்.

அது என்ன என்றுதான் பிடிபடவில்லை.

சாயந்திரம் தர்மராஜ் கூப்பிட்டான். லாரி கொல்லத்தைத் தாண்டி நின்றிருந்தது. அம்மாவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டான். பிறகு குரலைத் தணித்தான்.

"ஏ துர்கா. பெரியம்மா என்னென்னமோ சொல்லுது. நான் நம்பல."

"சரி."

"நம்பல. ஆனா அன்னைக்கு அந்தக் கிண்ணத்துல என்ன இருந்துச்சுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிரு. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

துர்கா போனை அணைத்தாள். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருளம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து இது வழக்கம். குழாயடியில் கால் கழுவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருநீற்றுப் பொட்டலத்தோடு வார்டுக்குள் வருவார். உக்கிரபாண்டிக்குப் பூசினார். பக்கத்துக் கட்டில் கிழவர் தலையை நீட்டினார், அவருக்கும். நர்ஸ்கூடக் குனிந்து கொடுத்தாள். துர்காவின் நெற்றியிலும் விரல் பட்டது. குளிர்ந்த, நடுங்காத விரல்.

முன்னிரண்டு நாளும் இந்த நேரத்தில் துர்கா டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இல்லாவிட்டால் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். இன்றைக்கு இருளம்மாளின் கையைப் பார்த்தாள். நாகலெட்சுமியின் நெற்றிக்கும் அதே பொட்டலம்தான். ஆனால் நாக்குக்கு வேறு. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்ன மடிப்பு வந்தது. அதிலிருந்ததை மொத்தமாய் உள்ளங்கையில் தட்டி, "ஆத்தா பேரச் சொல்லி வாயத் தொற" என்றார். நாகலெட்சுமி வாயைத் திறந்தார். நர்ஸ் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். திருநீறுதானே என்று அவள் தடுக்கவில்லை. உக்கிரபாண்டி அந்த நிமிஷத்தில் எழுந்து வெளியே போனார். நேற்றும் இதே நேரம் வெளியே போனார் என்பது துர்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நாகலெட்சுமியின் முகம் சுருங்கி, தொண்டை இரண்டு தடவை ஏறி இறங்கியது. திருநீறு கரிக்கும், மண்ணாய் அப்பும். இப்படி முகத்தைச் சுளிக்க வைக்காது.

இருளம்மாள் கடைசிப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும் துர்கா பஞ்சை நனைத்தாள். உதட்டைத் துடைத்து, மெல்ல நாக்கின் ஓரத்தையும் வழித்தாள். பஞ்சில் வெள்ளைப் பசை வந்தது. அதில் முட்டையோட்டுச் சில்லுபோல மெலிசாய், வளைவாய், ஒரு துணுக்கு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெற்றியில் இருந்த திருநீற்றை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது, கசக்கவில்லை. பஞ்சைத் தொட்டு வைத்தாள். கசந்தது.

நாகலெட்சுமி அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"துன்னூறு கசக்குதா அத்த?"

"எனக்கு வாயே கசப்புத்தேன்."

"பெரியத்த என்னத்தக் குடுக்குறாக?"

மாமியார் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஊசி குத்திய இடம் நீலம் பாய்ந்து கிடந்தது. தானாக அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "வைகாசி கழியட்டும்த்தா. அதுவரைக்கும் எதையும் கேக்காத. நீ வேணும்னா அவ பேசுறதுக்கு என்னயத் திட்டிக்க."

"அதுவரைக்கும் நீங்க இருக்கணும்ல அத்த."

நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரம் நனைந்தது. வலியா வேறா என்று சொல்ல முடியாது.

துர்கா பஞ்சை ஊசி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மடித்தாள். மடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது, இதை வெளியே எடுத்தால் முதலில் தன் பக்கம்தான் திரும்பும் என்று. வாயைத் துடைத்தவள் அவள். பஞ்சு அவள் கையில் இருந்தது. கலந்தவளே கொண்டுவந்து காட்டுகிறாள் என்று சொல்ல இருளம்மாளுக்கு ஒரு நொடி போதும். எடுக்காவிட்டால் நாளைக்கும் விளக்கு வைக்கிற நேரம் வரும்.

காலையில் டாக்டருக்கு முன்னால் பூமயில் வந்துவிட்டார். கடலாடியிலிருந்து முதல் பஸ். ஹார்லிக்ஸும் ஒரு பை ஆரஞ்சும். வாயில் தண்ணீர் படக்கூடாத ஆளுக்கு ஆரஞ்சு. அப்போதுதான் வந்து இறங்கியிருந்த இருளம்மாள் ஓடிப்போய்ப் பையை வாங்கினார்.

"எதுக்குச் சம்மந்தி இதெல்லாம்."

"சும்மா எப்படி வாரது. எம் பையன் ராத்திரியெல்லாம் தூங்கல. அத்தைக்கு என்ன, அத்தைக்கு என்னன்னு அவனுக்கு அதே நெனப்பு." பூமயில் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். நாகலெட்சுமியின் கையைத் தடவினார். துர்கா ஒரு டம்ளர் காப்பியை நீட்டினாள். பூமயில் வாங்கினார், தலையாட்டினார், வாயில் வைக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

துர்கா அந்த டம்ளரைப் பார்த்தாள். அதில் ஆடை படிகிறவரைக்கும் பார்த்தாள்.

டாக்டர் சஃபா உள்ளே வந்ததும் எழுந்துபோய் உறையைக் கொடுத்தாள். "டாக்டர். நேத்து சாயங்காலம் அத்தை நாக்குல இருந்து தொடைச்சது. இதுல ஒரு சில்லு இருக்கு. கசக்குது."

டாக்டர் உறையை வெளிச்சத்தில் பிடித்தார். கையுறை போட்டுத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்.

"இது மாத்திரை மேல இருக்கிற பூச்சு. யாரோ பொடிச்சிருக்காங்க. யார் கொடுத்தது?"

இருளம்மாளின் கை தானாக இடுப்புக்குப் போனது. அடுத்த நொடி அதே கையை நீட்டித் துர்காவைக் காட்டினார்.

"யாரு கையில இருக்கோ அவளத்தேன் கேக்கணும் டாக்டரு. நான் குடுத்தது கோயில் துன்னூறு. இந்தா நெத்தியில இருக்கு, எல்லாரு நெத்தியிலயும் இருக்கு. வாயத் தொடைக்கிறேன்னு இவதேன் மூணு நாளா என்னத்தையோ தடவிட்டிருந்தா. நண்டுல வச்சவளுக்குப் பஞ்சுல வைக்க எம்புட்டு நேரம்?"

பூமயில் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார்.

"பெரியத்த, சுருக்குப்பையத் தொறந்து காட்டுங்க" என்றாள் துர்கா.

"எம் பையி எதுக்குடி ஒனக்கு? கம்மாயத் தாண்டி நேத்து வந்த கழுத. நாப்பது வருசமா இவளத் தூக்கிச் சொமக்கிறவ நானு. எம் பையத் தொறக்கச் சொல்றா பாரு."

டாக்டர் சஃபா குரலை உயர்த்தவில்லை. "நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஒருவேளை நல்லது நினைச்சுக் கொடுக்கற மாத்திரையாக்கூட இருக்கலாம். ஆனா இது என்னன்னு தெரியாம, இதை நிறுத்தாம, நான் என்ன ஊசி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. நேத்து ராத்திரியில இருந்து யூரின் குறைஞ்சிருக்கு. இனிமே மதுரைக்கு அனுப்புனாலும் அவங்களும் இதைத்தான் கேப்பாங்க. சொல்லலைன்னா, நோயாளிக்குத் தெரியாம யாரோ ஏதோ கொடுக்கறாங்கன்னு போலீஸுக்குத் தகவல் சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. கூட இருக்கிறவங்களைத்தான் முதல்ல விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும்" என்றாள் துர்கா. "கூட இருந்தது நான்தேன். நான் இங்கனயே இருக்கேன் டாக்டர். வரச் சொல்லுங்க."

உக்கிரபாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. "மாமா" என்றாள் துர்கா. அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாகு, நீ ஒண்ணும் பேசாத" என்றார் இருளம்மாள். யாரும் நாகலெட்சுமியை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அதைச் சொன்ன பிறகுதான் எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். நாகலெட்சுமி முழங்கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். துர்கா போய் முதுகுக்குக் கை கொடுத்தாள். அவர் அந்தக் கையைத் தள்ளவில்லை. அதில் சாய்ந்துகொண்டார்.

"சம்மந்தியம்மாவ வேணும்னா கொஞ்ச நேரம் வெளியில இருக்கச் சொல்லவா?" என்று டாக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேணாம்த்தா. இருக்கட்டும்." நாகலெட்சுமி மூச்சு வாங்கினார். "எம் மவளக் கேட்டு வந்தவுக. கேக்கட்டும்."

"அடியே, கலையோட வாழ்க்கடி" என்றார் இருளம்மாள். குரல் உடைந்து சின்னப்பிள்ளைக் குரல்போல வந்தது. "வைகாசிக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு? பொறுத்துக்கிட்டல்ல இத்தன நாளும்."

"ஒரு பிள்ள கழுத்து நெறையறதுக்கு இன்னொரு பிள்ள போலீசுக்குப் போகணுமாக்கா? இவளும் ஒருத்தி பெத்த மகதான. இவ வீட்டுலயும் சொல்லாமத்தேன கட்டிக்கிட்டு வந்தோம்."

துர்காவின் கைக்குள் அந்த முதுகின் எலும்பெல்லாம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"எம் மருமக ஒண்ணும் கலக்கல டாக்டரம்மா. எங்கக்காவும் எனக்குக் கெட்டது செய்யல. அது நான் தெனம் வெளக்கு வச்சிட்டுப் போடுற மாத்திர. நாலு வருசமாப் போடுறேன். ஒரு நாளு விட்டாலும் திரும்ப வந்துரும்னு பயம். அதேன் இங்கனயும் நான்தேன் கேட்டேன், அவ பொடிச்சுக் கொண்டாந்தா. மூணு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் பாத்துக்கிறணும்னு மதுரையில சொன்னாக. இவ வந்தப்பறம் என்ன சாக்குச் சொல்லிட்டுப் போறதுன்னு போகாம விட்டுட்டேன்." நிறுத்தி, உலர்ந்த உதட்டை நாக்கால் தொட்டுக்கொண்டார். பூமயிலைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவளுக்கே சொல்வதுபோலச் சொன்னார். "இந்தத் தழும்பு பால் கட்டுனது இல்லத்தா. எனக்கு மார்ல கேன்சரு."